பல்லுக்கு எம்.ஆர்.ஐ. – வாசகர் கேள்வி பதில்

பல் மருத்துவத்துக்கென்றே குறைந்த காந்தப்புல எம்.ஆர்.ஐ. இயந்திரங்கள் வரத் தொடங்கியிருக்கின்றன என்று சென்ற இதழில் இரண்டு பத்தி எழுதியிருந்தோம். ஸ்கேன் சென்டர்களில் பெரும்பாலும் இருப்பது 1.5 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தப்புல வலிமையின் அளவு), புதிதாக வருபவை 0.55 டெஸ்லாவும் அதற்குக் கீழும். அதையொட்டி வந்த கேள்விகளில் சில இங்கே.

கேள்வி: கிளினிக்கில் சி.பி.சி.டி. (பல், தாடைக்கான முப்பரிமாண எக்ஸ்-ரே ஸ்கேன்) போடுவதற்காக 10-க்கு 12 அடி அறை ஒன்றை ஒதுக்கி வைத்திருக்கிறேன். கொஞ்சம் பொறுத்தால் எம்.ஆர்.ஐ.யே போட்டுவிடலாமா? – பல் மருத்துவர், ஈரோடு

பொறுக்க வேண்டாம். சி.பி.சி.டி. தேவை என்றால் அதையே வாங்குங்கள். இம்பிளான்ட் வைக்க எலும்பின் அகலம், வேரில் விரிசல், கடைவாய்ப்பல்லில் நாலாவது கெனால் (வேருக்குள் நரம்பு ஓடும் குழல்) இருக்கிறதா இல்லையா என்பதெல்லாம் எக்ஸ்-ரே குடும்பத்தின் வேலை. எம்.ஆர்.ஐ. பார்ப்பது தாடை மூட்டு எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் இருக்கும் தட்டு, நரம்பு, எலும்பு மஜ்ஜை, ஈறுக்கு அடியிலுள்ள வீக்கம். ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது.

இப்போது 'டென்டல் எம்.ஆர்.ஐ.' என்று பேசப்படுவது பெரும்பாலும் டென்ட்ஸ்ப்ளை சிரோனாவும் சீமன்ஸ் ஹெல்த்தினியர்ஸும் சேர்ந்து கொண்டுவந்த மேக்னட்டாம் ஃப்ரீ.மேக்ஸ் இயந்திரத்தின் பல் மருத்துவப் பதிப்பைத்தான். காந்தம் 0.55 டெஸ்லா, நுழைவாயில் 80 செ.மீ. காந்தத்தைக் குளிர்விக்கும் ஹீலியம் ஒரு லிட்டருக்கும் குறைவு என்பதால், பழைய இயந்திரங்களுக்குக் கூரை வழியே போடும் வாயு வெளியேற்றக் குழாய் இதற்கு வேண்டாம். தாடையைச் சுற்றிப் பொருத்தத் தனிக் காயில் (சிக்னலைப் பிடிக்கும் கம்பிச் சுருள்) உண்டு. நல்ல இயந்திரம்தான். ஆனால் எடை மூன்று டன்னுக்கு மேல், விலை கோடிகளில், வெளி ரேடியோ அலை புகாதபடி சுற்றிலும் செம்புத் தகட்டுக் கூண்டு அறை வேறு. டென்மார்க்கில் ஆர்ஹுஸ், அமெரிக்காவில் மினசோட்டா என்று பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பள்ளிகளில் இதை வைத்து ஆராய்ந்திருக்கிறார்கள். நாலைந்து மாவட்டத்து நோயாளிகள் வந்து போகும் பல் மருத்துவக் கல்லூரிக்குப் பொருந்தும். மாடிப்படி ஏறிப் போகிற கிளினிக்குக்குப் பொருந்தாது.

கிளினிக் அறைக்குள் அடங்கும் அளவு என்று பார்த்தால், ஸ்பெயினின் வலென்சியாவில் இருக்கும் ஆய்வுக் குழு செய்ததுதான் அந்த வழியில் போகிறது. மின்சாரமோ குளிரூட்டலோ இல்லாமலே காந்தமாக இருக்கும் நிலைக் காந்தம், 0.26 டெஸ்லா, ஹீலியமே கிடையாது. பல்லையும் அதைச் சூழ்ந்த சதையையும் ஒரே படத்தில் எடுக்கலாம் என்று 2020-ல் காட்டினார்கள். காட்டியது உயிருள்ள நோயாளியிடம் அல்ல, மாதிரிகளில். அதிலிருந்து உங்கள் நாற்காலிப் பக்கத்துக்கு வர எவ்வளவு தூரம் என்பது அடுத்த இரண்டு பதில்களில் தெரியும்.

கேள்வி: எம்.ஆர்.ஐ. படத்தில் பல் ஏன் கறுப்பாக ஓட்டை மாதிரி தெரிகிறது? – பி.டி.எஸ். மாணவி, மதுரை

எம்.ஆர்.ஐ.க்குக் காது கேட்பது ஹைட்ரஜனின் குரல் மட்டும். பல்லின் வெளிப்பூச்சான எனாமலில் எடைக்கு 96 சதவீதம் தாது. தண்ணீர் மிகக் கொஞ்சம். அதற்கு உள்ளடுக்கான டென்டினில் தாது சுமார் 70 சதவீதம், தண்ணீர் சுமார் 10 சதவீதம். இருக்கிற கொஞ்சம் ஹைட்ரஜனும் திடப்பொருளுக்குள் இறுகிக் கிடப்பதால் அதன் சிக்னல் வந்த வேகத்தில் செத்துவிடுகிறது. டென்டினில் ஒரு மில்லிசெகண்டின் கால் பங்கு, எனாமலில் அதிலும் மூன்றில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண எம்.ஆர்.ஐ. சிக்னலைக் கேட்கத் தொடங்குவதே சில மில்லிசெகண்ட் கழித்துத்தான். கச்சேரி முடிந்த பிறகு மைக்கைப் போட்ட கதை. பல்லின் நடுவில் நரம்பும் ரத்தக் குழாயும் உள்ள பல்ப் மட்டும் ஈரமாக இருப்பதால் வெள்ளையாகத் தெரியும். எச்சிலும் நாக்கும் வெள்ளை. நடுவில் இருக்கும் கறுப்பு நிழலே பல்லின் உருவம்.

அந்தக் குரலைப் பிடிக்கத்தான் யூ.டி.இ., ஸ்விஃப்ட், பெட்ரா என்ற முறைகள் வந்தன. ஸ்விஃப்ட் 2006-ல் மினசோட்டாவில் பிறந்தது. பெட்ராவில் சரிவுக் காந்தத்தை (எந்த இடத்துச் சிக்னல் என்று பிரிக்க, இடத்துக்கு இடம் புலத்தை மாற்றும் காந்தம்) முதலிலேயே ஏற்றி வைத்துவிட்டு, அதன் பிறகு ரேடியோ துடிப்பைத் தட்டுகிறார்கள். தட்டிய சில பத்து மைக்ரோசெகண்டில் கேட்கத் தொடங்கிவிடலாம். தட்டியதும் காயில் கொஞ்ச நேரம் மணிபோல் அதிர்ந்துகொண்டிருக்கும். அந்த நேரத்தில் தவறிப்போன பதிவுகளை, அதாவது சிக்னல் வரைபடத்தின் நடுப்புள்ளிகளை, பிறகு ஒவ்வொன்றாக எடுத்து நிரப்ப வேண்டும். நிரப்பாமல் விட்டால் படம் முழுக்க வெளிச்சமும் இருட்டுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும்.

இன்னொரு தடை சரிவுக் காந்தத்தின் பலம். சிக்னல் சீக்கிரம் சாகச் சாக அதன் அதிர்வெண் அகலமாகப் பரவும். பக்கத்துப் புள்ளியோடு கலக்காமல் பிரிக்க, சரிவு செங்குத்தாக இருக்க வேண்டும். கால் மில்லிசெகண்டில் சாகும் சிக்னலை அரை மி.மீ. நுட்பத்தில் பிரிக்க மீட்டருக்குச் சுமார் 60 மில்லிடெஸ்லா வேண்டும். எனாமலுக்கு 70 மைக்ரோசெகண்ட் என்று வைத்தால் 200-ஐத் தாண்டும். 80 செ.மீ. வாய் உள்ள பெரிய இயந்திரத்தில் அது நடக்கிற காரியமில்லை, ஃப்ரீ.மேக்ஸில் இருப்பது 26. தாடை மட்டும் நுழையும் சிறிய இயந்திரத்தில் சுருளை நெருக்கமாகச் சுற்றலாம், பலம் தானாகக் கூடும். சிறிய இயந்திரத்துக்கு விலையைத் தவிர இருக்கும் நிஜமான அனுகூலம் இது ஒன்றுதான்.

கேள்வி: காந்தத்தைக் குறைத்தால் விலை குறையும் என்றால், இன்னும் குறைத்துக்கொண்டே போக என்ன தடை? – இயற்பியல் ஆசிரியர், நாகர்கோவில்

பல்லின் அளவுதான் தடை. மூளையை 2 மி.மீ. நுட்பத்தில் எடுத்தாலும் டாக்டருக்கு ஏதாவது பயன் உண்டு. ஹைப்பர்ஃபைன் நிறுவனத்தின் ஸ்வூப் என்ற 0.064 டெஸ்லா இயந்திரத்தைச் சக்கரத்தில் தள்ளிப்போய்ச் சுவர் பிளக்கில் சொருகித் தலையை எடுக்கிறார்கள். 2020-லேயே அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. ஆனால் கடைவாய்ப்பல்லின் அகலமே ஒரு சென்டிமீட்டர். கெனால் அரை மி.மீ.க்கும் குறைவு. 2 மி.மீ. படத்தில் பல் என்பது ஐந்து கட்டம்.

சரி, நுட்பத்தைக் கூட்டலாமே என்றால் கணக்கு இப்படி. 0.8 மி.மீ. கட்டத்தை 0.4 ஆக்கினால் நீள, அகல, ஆழம் மூன்றும் பாதியாகி, கட்டத்துக்குள் இருக்கும் ஹைட்ரஜன் எட்டில் ஒன்றாகிறது. இரைச்சல் அப்படியே நிற்கும். அதே தெளிவு வேண்டுமானால் எட்டின் வர்க்கம், அதாவது 64 மடங்கு நேரம் பதிய வேண்டும். ஐந்து நிமிட ஸ்கேன் ஐந்து மணி இருபது நிமிடமாகிவிடும். காந்தத்தை 1.5-லிருந்து 0.26 ஆக்கினாலும் தெளிவு குறைந்தபட்சம் 5.8 மடங்கு போகும்; நேரத்தால் மட்டும் ஈடுகட்டுவதானால் குறைந்தபட்சம் 33 மடங்கு. காயிலைத் தாடைக்கு ஒட்டி வைப்பது, வாய்க்குள்ளேயே சிறிய வளையம் வைப்பது என்று இதில் கொஞ்சம் மீட்கலாம். ஜெர்மனியின் ஃப்ரைபர்க்கில் வயரே இல்லாத வாய்க்குள் காயில் செய்து பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் எச்சில் விழுங்காமல் எத்தனை நிமிடம் இருக்க முடியும்? ஒரு விழுங்கலில் தாடை நகரும் தூரம் 0.4 மி.மீ.க்கு மேலேயே இருக்கும்.

நிலைக் காந்தத்தில் நம் ஊருக்கென்று ஒரு தொல்லையும் உண்டு: வெயில். நியோடிமியக் காந்தத்தின் புலம் ஒரு டிகிரி சூட்டுக்குச் சுமார் 0.1 சதவீதம் குறையும். 0.26 டெஸ்லாவில் ஹைட்ரஜன் பாடும் சுருதி 11 மெகாஹெர்ட்ஸ். ஒரு டிகிரிக்கு 11 கிலோஹெர்ட்ஸ் இறங்கும். மேலே சொன்ன 60 மில்லிடெஸ்லா சரிவில் அது 4 மி.மீ. இடப்பெயர்ச்சி. பத்தில் ஒரு டிகிரி மாறினாலே கிட்டத்தட்ட ஒரு கட்டம் தள்ளிப்போகும். பெட்ரா போன்ற முறைகளில் எல்லாத் திசையிலிருந்தும் பதிவதால் படம் தள்ளிப்போவதோடு நிற்காது, மங்கிவிடும். ஒரு மணி நேரம் கரண்ட் போய் ஏ.சி. நின்றால், திரும்ப வந்ததும் ஸ்கேன் போட முடியாது. காந்தம் அறைச் சூட்டுக்கு இறங்க மணிக்கணக்காகும். காந்தத்துக்கு வெப்பக் காப்பு, உள்ளே சூட்டை அளக்கும் தெர்மிஸ்டர், பத்திருபது விநாடிக்கு ஒரு முறை சுருதி பார்த்துத் திருத்தும் மென்பொருள், இம்மூன்றும் இல்லாத நிலைக் காந்த இயந்திரத்தை யார் விற்க வந்தாலும் வாங்காதீர்கள்.

11 மெகாஹெர்ட்ஸ் என்பது சிற்றலை வானொலி ஊர்வலம் போகும் தெரு என்பதையும் மறக்க வேண்டாம். எல்.இ.டி. விளக்கின் டிரைவர், யு.பி.எஸ்., கம்ப்ரஸர் மோட்டார் எல்லாம் அங்கே இரைச்சல் கொட்டும். சோதனை எளிது: காயிலைக் கழற்றிவிட்டு 50 ஓம் மின்தடையைப் பொருத்தி இரைச்சலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு காயிலை மாட்டி, உள்ளே ஒரு ஆளின் தலையையும் வைத்துக் குறியுங்கள். இரண்டாவது எண் பல மடங்கு ஏறினால் அந்த ஆளின் உடம்பே ஆன்டெனாவாக வேலை செய்கிறது. மின்கடத்தும் துணியைப் போர்த்தி எர்த்தோடு இணைத்தால் பெரும்பாலும் அடங்கும்.

கேள்வி: தாடை மூட்டுக்கு எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுத்தால் ஒவ்வொரு சென்டரும் ஒவ்வொரு மாதிரி எடுத்து அனுப்புகிறது. பாதி உபயோகமில்லை. எப்படி எழுத வேண்டும்? – பல் மருத்துவர், தஞ்சாவூர்

இந்தக் கேள்விக்காகவே இந்தப் பகுதியை எழுதலாம். மலிவான இயந்திரம் வரும்வரை, பக்கத்து ஊர் ஸ்கேன் சென்டரின் 1.5 டெஸ்லாதான் உங்கள் பல் எம்.ஆர்.ஐ. அதை ஒழுங்காகப் பயன்படுத்துவது சீட்டில் இருக்கிறது. 'எம்.ஆர்.ஐ. டி.எம்.ஜே.' (டி.எம்.ஜே. என்பது தாடை மூட்டு) என்று சுருக்கமாக எழுதினால் முகத்துக்கான பொது ஸ்கேன்தான் வரும்.

சீட்டில் இவை இருக்கட்டும். இரண்டு பக்கமும். வாய் மூடிய நிலை, திறந்த நிலை இரண்டும். சாஜிட்டல் வெட்டு (பக்கவாட்டிலிருந்து பார்ப்பது) தலையின் நேர்க்கோட்டில் அல்ல, ஒவ்வொரு காண்டைலின் (மூட்டில் பொருந்தும் தாடை எலும்பின் குமிழ்முனை) நீள அச்சுக்கும் செங்குத்தாகச் சாய்த்து. கொரோனல் (முன்னாலிருந்து பார்ப்பது) அந்த அச்சுக்கு இணையாக. படவகை புரோட்டான் டென்சிட்டி, வெட்டின் தடிமன் 3 மி.மீ.க்கு மேல் போகாமல். வாய் மூடிய நிலையில் கொழுப்பின் சிக்னலை அடக்கிய டி2 வகைப் படம் ஒன்று. மூட்டில் நீர் கோத்திருந்தால் அதில்தான் பளிச்சென்று தெரியும்.

பெரும்பாலும் கெட்டுப்போவது திறந்த நிலைப் படம். நம் சென்டர்களில் வாயைத் திறந்து வைக்க ஊசி கழற்றிய பிளாஸ்டிக் சிரிஞ்சை முன்பற்களுக்கு நடுவே கொடுப்பது வழக்கம். தவறில்லை, ஆனால் எந்த சிரிஞ்ச்? 10 மி.லி. குழாய் ஒன்றரை சென்டிமீட்டர் சொச்சம்தான் திறக்கும். நோயாளிக்குத் தட்டு 'கிளிக்' என்று இடத்தில் விழுவது 28 மி.மீ.யில் என்றால், அந்தப் படத்தில் தட்டு இன்னும் முன்னால்தான் நிற்கும். ரிப்போர்ட்டில் 'இடத்துக்குத் திரும்பாத விலகல்' என்று வரும். நீங்கள் அதை நம்பிச் சிகிச்சை மாற்றுவீர்கள்.

ஆகவே கிளினிக்கிலேயே அளவுகோல் வைத்து அளந்து, அதிகபட்சத் திறப்பு எத்தனை மி.மீ., கிளிக் எத்தனையில் என்று சீட்டில் எழுதுங்கள். அந்த உயரத்துக்குக் காஸ் துணியைச் சுற்றி ஒட்டிய குழாயை நீங்களே செய்து, கவரில் போட்டு நோயாளி கையில் கொடுத்தனுப்பினால் இன்னும் நல்லது. பத்து ரூபாய்ச் செலவு.

படம் வந்ததும் தட்டின் பின்விளிம்பைப் பாருங்கள். வாய் மூடியிருக்கும்போது காண்டைலின் தலைமேல் கடிகாரத்தின் 12 மணி இடத்தில் இருக்க வேண்டும். முன்னே சரிந்து 10, 9 என்று இருந்தால் விலகல். ஆனால் வலியோ சத்தமோ எதுவுமே இல்லாதவர்களை எடுத்துப் பார்த்தாலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்குத் தட்டு விலகியே இருக்கும். படத்துக்குச் சிகிச்சை செய்யாதீர்கள்.

இன்னொரு வகை நோயாளிக்கும் சீட்டு எழுதத் தெரிய வேண்டும். முகம் கழுவும்போதும் காற்றுப் படும்போதும் ஒரு பக்கம் ஷாக் அடித்த மாதிரி சில விநாடி வலி, அதற்காக இரண்டு பல்லில் ரூட் கெனால் செய்து மூன்றாவதைப் பிடுங்கியும் ஆயிற்று, வலி அப்படியே இருக்கிறது. இவருக்குப் பல்லில் ஒன்றுமில்லை என்று சந்தேகிக்க வேண்டும். ட்ரைஜெமினல் நரம்பு மூளைத்தண்டிலிருந்து கிளம்பும் இடத்தில் ரத்தக் குழாய் அழுத்துகிறதா என்று பார்க்கும்படி, மெல்லிய வெட்டு சி.ஐ.எஸ்.எஸ். அல்லது ஃபியஸ்டா (ஒரே வகை எம்.ஆர்.ஐ. முறையின் பெயர்கள்) என்று எழுதுங்கள். எந்தப் பெயர் என்பது இயந்திரக் கம்பெனியைப் பொறுத்தது, வேலை ஒன்றுதான்.

கேள்வி: மகளுக்குப் பல்லில் கிளிப் போட்டிருக்கிறது. தலைவலிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொல்கிறார்கள். கிளிப்பைக் கழற்ற வேண்டுமா? – வாசகி, திருநெல்வேலி

கழன்று பறந்துவிடுமோ என்ற பயம் வேண்டாம். இறுக்கமாக ஒட்டிய பிராக்கெட் அப்படியே நிற்கும். பிரச்சினை படத்தில்தான். ஸ்டீல் பிராக்கெட் தன்னைச் சுற்றிக் காந்தப்புலத்தைக் கலைத்து, வாயும் மூக்கும் கண்ணின் கீழ்ப்பகுதியும் கறுப்பாகச் சுருங்கிவிடும். பின்மூளையைப் பார்க்க வேண்டுமானால் பெரும்பாலும் இடைஞ்சல் இல்லை. முன்மூளையின் அடிப்பகுதி, கண், நாக்கு என்றால் இடைஞ்சல். கிளிப் போட்ட டாக்டரிடம் கம்பியை மட்டும் அன்று காலை கழற்றித் தரச் சொல்லுங்கள். பிராக்கெட்டை எடுக்கலாமா என்பதை ரேடியாலஜிஸ்ட் சொல்லட்டும். கழற்றி மாட்டும் வசதியுள்ள எதுவானாலும் வாயிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

மற்ற உலோகங்களைப் பற்றியும் சேர்த்துச் சொல்லிவிடுகிறோம். டைட்டானியம் இம்பிளான்ட் பாதுகாப்பானது, அதைச் சுற்றி ஒரு கறுப்பு வட்டம் வரும். வெள்ளி ஃபில்லிங், சிர்கோனியாத் தொப்பி இரண்டும் அதிகம் தொந்தரவு தராது. கோபால்ட்-குரோமியத் தொப்பியும், குழந்தைகளுக்குப் போடும் ஸ்டீல் தொப்பியும் நன்றாகத் தொந்தரவு தரும். காந்தம் வைத்துப் பிடிக்கும் பல்செட் இருந்தால் செட்டைக் கழற்றுவதோடு நிற்காமல், வேரில் பதித்த இரும்புத் தகட்டையும் சென்டரில் சொல்ல வேண்டும். இந்தக் கலைவு காந்தப்புலத்தோடு சேர்ந்து கூடுவது. 3 டெஸ்லாவில் இருப்பதைவிட 0.55-ல் வெகுவாகக் குறையும். வாய் நிறைய உலோகம் வைத்திருப்பவர்களுக்குக் குறைந்த புல இயந்திரம் உண்மையிலேயே நல்ல செய்தி.

கேள்வி: பல் எக்ஸ்-ரே கதிர்வீச்சுக்குப் பயந்து எம்.ஆர்.ஐ. எடுக்கலாமா? – வாசகர், சேலம்

வேண்டாம். ஒரு பல்லுக்கான சிறிய எக்ஸ்-ரே சில மைக்ரோசீவர்ட் (உடம்பில் படும் கதிர்வீச்சின் அளவு), முழு வாய் ஓ.பி.ஜி. இருபது சொச்சம். பூமியில் சும்மா உட்கார்ந்திருந்தாலே வருடத்துக்குச் சராசரியாக 2400 கிடைக்கிறது. சொத்தையைப் பார்க்க அந்தச் சிறிய எக்ஸ்-ரேதான் சிறந்தது.

கேள்வி: எங்கள் பொறியியல் கல்லூரியில் மாணவர்களே ஒரு சிறிய எம்.ஆர்.ஐ. கட்டலாம் என்கிறார்கள். நடக்குமா? – பேராசிரியர், கோவை

நடக்கும். நெதர்லாந்தின் லைடன் குழு 50 மில்லிடெஸ்லா ஹால்பாக் காந்தத்தின் (சிறு காந்தங்களைக் கணக்கிட்ட கோணங்களில் வளையமாக அடுக்கியது) வடிவமைப்பை வெளியிட்டிருக்கிறது. 2022-ல் உகாண்டாவின் ம்பராராவில் அதே மாதிரி ஒன்றை அங்கேயே வைத்துக் கட்டினார்கள். பிளாஸ்டிக் வளையங்களில் 12 மி.மீ. கனசதுர நியோடிமியக் காந்தங்கள் கிட்டத்தட்ட 3000. உள்விட்டம் 27 செ.மீ. பல்லைப் படம் எடுக்கும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். காப்பர் சல்பேட் கரைசல் நிரப்பிய சோதனைக் குழாயும் ஒரு குடைமிளகாயும் முதல் வருடத்துக்குப் போதும்.

எங்கே சறுக்கும் என்று தெரிந்துகொண்டு தொடங்குங்கள். ஒவ்வொரு காந்தத்தையும் அதன் வட துருவம் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டுமோ அந்தக் கோணத்தில் சொருக வேண்டும். வெளியே பார்த்தால் ஆறு முகமும் ஒன்றுபோலத்தான் இருக்கும். ஒன்று 90 டிகிரி திரும்பிப் போனாலும் அந்த இடத்தில் புலத்தில் ஒரு குழி விழும்; மூடி ஒட்டிய பிறகு கண்டுபிடித்தால் வளையத்தையே உடைக்க வேண்டும். ஆகவே சொருகுவதற்கு முன் வட முகத்தில் மார்க்கரால் புள்ளி வையுங்கள். ஒவ்வொரு வளையத்தையும் மூடும் முன் காந்தப்புலம் அளக்கும் காஸ் மீட்டரால் வட்டமாக அளந்து குறியுங்கள். காந்தங்களை ஒட்டாமல் கொட்டி வைத்தால் ஒன்றோடொன்று பாய்ந்து சில்லுச் சில்லாகத் தெறிக்கும். கண்ணாடி அணியாமல் யாரும் மேசைக்குப் பக்கத்தில் போகக் கூடாது. வளையங்களை அடுக்கும்போது ஒன்றை ஒன்று தள்ளும், திடீரென இழுக்கும். பித்தளைத் தண்டில் மரை போட்டு மெல்ல இறக்குங்கள். கையால் அமுக்க வேண்டாம், விரல் நசுங்கும்.

கேள்வி: பல் மருத்துவமனைக்குள் எம்.ஆர்.ஐ. வைத்தால் ஊழியர்களுக்கு என்ன ஆபத்து? – செவிலியர், வேலூர்

ஸ்கேன் அறையைவிட உங்கள் டிரே ஆபத்து. எக்ஸ்ப்ளோரர், ஸ்கேலர், ஃபோர்செப்ஸ் எல்லாம் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதற்காகக் காந்தம் ஒட்டும் ஸ்டீலில் செய்தவை. கோட்டுப் பையில் ஒரு மிர்ரரைச் சொருகிக்கொண்டு உள்ளே போவது பழக்கதோஷத்தில் நடந்துவிடும். பையே இல்லாத உடை, வாசலில் கையால் தடவிப் பார்க்க ஒரு வலுவான காந்தம், அதற்கும் மேல் இரும்பைக் கண்டறியும் கருவி. மயக்க மருந்து கொடுக்கும் குழந்தைகள் வந்தால் அலுமினிய ஆக்சிஜன் சிலிண்டர் மட்டும்தான். 2018-ல் மும்பை மருத்துவமனை ஒன்றில் இரும்பு சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போன இளைஞர் இறந்தது நினைவிருக்கும். ஹீலியம் வகைக் காந்தத்துக்கு ஸ்விட்ச் கிடையாது. கரண்ட் போனாலும், ராத்திரி பெருக்க வரும்போதும் அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். துப்புரவு ஊழியருக்கு முதல் நாளே அதைச் சொல்லுங்கள்.

கேள்வி: லேத் பட்டறையில் வேலை. தாடை மூட்டு ஸ்கேனுக்குப் போனபோது கண்ணுக்கு எக்ஸ்-ரே எடுத்துவரச் சொன்னார்கள். பல்லுக்கும் கண்ணுக்கும் என்ன சம்பந்தம்? – வாசகர், கோவை

சரியாகத்தான் சொல்லியிருக்கிறார்கள். கிரைண்டிங்கில் தெறித்த இரும்புத் துகள் கண்ணுக்குள் தெரியாமல் தங்கியிருந்தால், காந்தத்தில் அது நகர்ந்து விழித்திரையைக் கிழிக்கலாம். எப்போதாவது கண்ணில் துகள் விழுந்து டாக்டர் எடுத்திருந்தால், எந்த வருடம், முழுவதும் வந்ததா என்பதையும் எழுதிக் கொண்டுபோங்கள்.